அனாமத்தில் நிற்கும் பெயர்கள்: செட்டிநாட்டுக் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், மாணவர் சேர்க்கைக் குழு உறுப்பினர்களுக்கும், அலுவலகக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிக்கு அருகே ஒரு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 33 ஆண்டுகள் வணிகவியல் நடத்தி, 2023-ல் ஓய்வு பெற்றவள் நான். பள்ளியை விட்டு வந்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வந்த நாளிலிருந்து ஆவணி பிறக்கும் வரை எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததில்லை. பழைய மாணவிகளின் தங்கைகள், அவர்களுடைய அண்டை வீட்டுப் பிள்ளைகள், சில வேளைகளில் நான் முன்பின் பார்த்தறியாத பையன்கள் எல்லாரும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து உட்காருகிறார்கள். அவர்களில் நன்றாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு வழி சொல்வது எளிது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் ஏதாவது ஒரு வழி சொல்லிவிட முடிகிறது. இடம் உண்டு என்றும் சொல்லப்படாமல், இல்லை என்றும் சொல்லப்படாமல், காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் திணறுகிறேன். அவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

வணிகவியல் படித்தவர்களுக்கு அனாமத்துக் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். பற்று, வரவு நிலுவைகளைச் சரிபார்க்கும் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்து வராதபோது, வித்தியாசத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியும்வரை தற்காலிகமாக வைத்திருக்கும் இடம் அது. பிழையைக் கண்டுபிடித்துச் சரிப்பதிவு எழுதியதும் அந்தக் கணக்கு முடிந்துவிட வேண்டும். அதை முடிக்காமல் ஆண்டுக் கணக்கைக் கட்டி வைப்பவர் நல்ல கணக்கர் ஆகமாட்டார் என்று நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். உங்கள் காத்திருப்போர் பட்டியலும் அப்படிப்பட்ட ஓர் அனாமத்துக் கணக்குதான். அதில் நிற்பவை தொகைகளாக இல்லாமல் பெயர்களாக இருப்பதால், அதை முடிக்க வேண்டிய கடமை இன்னும் கூடுகிறது என்பதே என் எண்ணம்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1981-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். என் தந்தை ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பாடப்புத்தகத்தில் இருப்புநிலைக் குறிப்பு என்று நாங்கள் படித்ததை அவர் கடைசிவரை ஐந்தொகை என்றே சொல்வார். மகள் பி.காம். படிக்க வேண்டும் என்று அவர்தாம் விரும்பினார். மதுரைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, அவர்கள் கேட்டபடியே என் முகவரியை நானே எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்பினோம். நேர்காணலுக்கு அழைத்தார்கள், போனோம். "முதல் பட்டியலில் வரவில்லை, அடுத்ததில் இருக்கிறது, கடிதம் வரும்" என்று ஓர் அம்மையார் கனிவாகவே சொன்னார். அந்தக் கனிவை நம்பி ஊருக்குத் திரும்பினோம்.

கடிதம் வரவில்லை. ஆனி போய் ஆடியும் போயிற்று. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் பதினொன்றரை மணி வாக்கில் வருவார். பதினோரு மணிக்கே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். அவர் சைக்கிளை எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நிறுத்தி, கட்டைப் பிரித்து, எதிர்ச் சாரிக்கு முதலில் கொடுத்துவிட்டுத் திரும்புவார். அந்த ஐந்து நிமிடத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் அவரே என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதிக்கத் தொடங்கிவிட்டார். அதற்குள் பக்கத்தில் இருந்த கல்லூரியில் எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடம் போய்விட்டது. ஓர் ஆண்டு வீட்டில் இருந்தேன். மறு ஆண்டு வேறொரு கல்லூரியில் சேர்ந்து படித்து ஆசிரியையும் ஆகிவிட்டேன் என்பதால் என் வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் என் கையெழுத்தில் என் முகவரி எழுதி, எங்கள் காசில் தலை ஒட்டி அனுப்பிய அந்த உறை அந்தக் கல்லூரியின் ஏதோ ஓர் அலமாரியில் இருந்ததே, "இடம் இல்லை" என்று இரண்டு சொல் எழுதி அதற்குள் வைத்துப் பெட்டியில் போட யாருக்கும் தோன்றவில்லையே என்ற வருத்தம் நாற்பது ஆண்டு கழிந்தும் எனக்கு ஆறவில்லை.

இப்போது உறையும் இல்லை, தபால்காரருக்காகக் காத்திருப்பதும் இல்லை. கைப்பேசி வந்திருக்கிறது. காத்திருப்பு அதனால் குறைந்ததா என்றால், கூடியிருக்கிறது என்றுதான் சொல்வேன். எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இருந்த படபடப்பு இன்றைய பிள்ளைகளுக்கு விழித்திருக்கும் நேரம் முழுவதும் இருக்கிறது.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். தந்தை ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறையில் வேலை செய்பவர்; கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றிக் கல் எடுப்பவர். அவருடைய விரல் இடுக்கில் பச்சையோ சிவப்போ ஏதேனும் ஒரு வண்ணம் எப்போதும் ஒட்டியிருக்கும். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இந்தப் பெண். நான்கு பாடங்களிலும் சேர்த்து 400-க்கு 351 வாங்கியிருந்தாள். பி.காம். கேட்டாள். அவளுடைய பிரிவில் இடங்கள் அவளுக்குச் சற்று முன்னால் நிரம்பிவிட்டன. "வெயிட்டிங்கில் இருக்கிறாய், கூப்பிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். எத்தனையாவது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இப்போது சொல்ல முடியாது" என்பதே பதில்.

ஏறத்தாழ ஆறு வாரம் அவள் எங்கள் திண்ணையில்தான் பாதிப் பொழுதைக் கழித்தாள். வலது மூலையில் விரிசல் விட்ட கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு கட்டை விரலால் திரையைக் கீழே இழுப்பாள். சிறு வட்டம் ஒன்று சுழன்று நிற்கும். அதே பக்கம், அதே வரி. மறுபடியும் இழுப்பாள். குறுஞ்செய்தி ஒலி கேட்டால் உடல் தூக்கிப்போடும். எடுத்துப் பார்த்தால் டேட்டா தீரப்போகிறது என்று நிறுவனத்திலிருந்து வந்த செய்தியாக இருக்கும். சாப்பாடு இறங்கவில்லை, இரவில் தூக்கம் இல்லை என்று அவள் தாய் வந்து அழுதார். ஒருநாள் அவளே சொன்னாள்: "இடம் இல்லைன்னு சொல்லிட்டாக் கூடப் பரவாயில்லை டீச்சர். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாகளே."

ஐயா, அம்மா, நான் உங்கள்முன் வைக்க விரும்புவது அந்தப் பெண்ணின் இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இடங்கள் அளவானவை என்பது எல்லாருக்கும் தெரியும். அறுபது இடத்துக்கு அறுநூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்நூற்று நாற்பது பேர் வெளியே நிற்கத்தான் வேண்டும். அதற்காக உங்களை நொந்துகொள்ள யாருக்கும் நியாயமில்லை. பிள்ளைகளை வாட்டுவது உங்கள் மௌனம்.

பட்டியல் எப்போது நகரும், எவ்வளவு நகரும் என்பது எங்களுக்கே தெரியாது என்று நீங்கள் சொல்வீர்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பட்டியல் நகர்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவை உங்களுக்குத் தெரிந்தவையே. ஒரே பிள்ளை நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கியதால் அத்தனை பட்டியலிலும் அதன் பெயர் மேலே இருக்கிறது. கலை அறிவியல் கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ எடுத்துச் சேர்ந்துவிட்டு, பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் அது விலகுகிறது. மருத்துவக் கலந்தாய்வு அதற்குப் பிறகும் நீள்கிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில், சுற்றுச் சுற்றாக, முன்கூட்டியே அறிவித்த அட்டவணைப்படி நடக்கிறது. ஆகவே எந்தெந்த வாரத்தில் உங்கள் கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரிசை நிற்கும் என்பதை உங்கள் அலுவலக எழுத்தரால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பி.காம். போன்ற பாடங்களில் பொறியியலுக்குப் போகிறவர்கள் குறைவு என்பதால் அந்தப் பட்டியல் மெதுவாகத்தான் நகரும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த அறிவு அலுவலகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே நிற்கும் பிள்ளைக்கு வந்து சேர்வதில்லை.

அதே பொறியியல் கலந்தாய்வில், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, முன்னால் கேட்ட இடம் காலியானால் அதற்கு மாறிக்கொள்ளக் காத்திருக்கிறேன் என்று தெரிவு செய்ய வழி இருக்கிறது. காத்திருக்கும் பிள்ளைக்குக் கையில் ஓர் இடமும் உண்டு, முடிவு தெரியும் நாளும் உண்டு. இரண்டு பேர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று தொடங்கிப் பிறந்த தேதி வரை பார்த்து, அதிலும் சமம் என்றால் சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு முடிவு செய்வார்கள் என்பதுவரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தோற்றவருக்கும் எதனால் தோற்றோம் என்பது தெரிகிறது. மாநிலம் முழுவதற்கும் நடத்தும் ஒரு கலந்தாய்வில் இது முடிகிறதென்றால், சில நூறு இடங்களுக்கு நடத்தும் ஒரு கல்லூரியில் முடியாமல் போவதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இன்னும் எளிய உதாரணம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பல்லவன் விரைவு வண்டியில் பயணச்சீட்டு எடுக்காதவர் நம்மில் யார்? இடம் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் எத்தனையாவது என்று எண் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த எண் இறங்கி வருவதை நாமே பார்க்கலாம். வண்டி புறப்படும் முன்பு இறுதிப் பட்டியல் தயாராகிவிடுகிறது. இணையத்தில் எடுத்த சீட்டு அதன் பிறகும் காத்திருப்பிலேயே நின்றால், அது தானாகவே ரத்தாகி, சிறு பிடித்தம் போகப் பணம் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஏழு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு தெளிவு இருக்கும்போது, மூன்று ஆண்டுப் படிப்புக்கு இதில் பாதியாவது இருக்கலாகாதா?

ஆகவே என் முதல் வேண்டுகோள், காத்திருப்போர் பட்டியலைப் பாடவாரியாகவும் இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகவும் எண்ணிட்டு அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியிடுங்கள் என்பதே. பிரிவுவாரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொதுப் பட்டியலில் 40-ஆவது என்று இருக்கும் பிள்ளை தன் பிரிவில் மூன்றாவதாக இருக்கலாம். அது தெரியாமலே நம்பிக்கை இழந்து எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறது. தன் பிரிவில் 30-ஆவதாக இருக்கும் பிள்ளை, வராத அழைப்புக்காக வந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது. கூடவே, சென்ற ஆண்டு அதே பாடத்தில் அதே பிரிவில் எத்தனையாவது எண்வரை அழைத்தீர்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால் போதும். மீதியைப் பெற்றோர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள். எண்ணை வெளியிட்டால் பரிந்துரைக்கு ஆள் வருவார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கவலைப்பட்டார். எண்ணை வெளியிடாத இடத்துக்குத்தான் பரிந்துரை அதிகம் வரும் என்று நான் அவரிடம் சொன்னேன். வரிசை எல்லார் கண்ணிலும் படும்போது அதை மீறச் சொல்லி வந்து கேட்க எவருக்கும் கூச்சமாக இருக்கும். நம் பகுதிக் கல்லூரிகளில் சில இப்படி வெளியிடவும் செய்கின்றன; அவர்களுக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கணக்கு எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. திருமணம் என்றால் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடாமல் நகரத்தார் எனப்படும் செட்டியார் வீடுகளில் காரியம் நடக்காது. யார் யாருக்கு என்ன முறை என்பதற்கு முறைச்சிட்டை உண்டு. கோயில் காரியங்களுக்கு, மணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணும் புள்ளிக் கணக்கு உண்டு. கரண்டி முதல் அண்டா வரை எண்ணி எழுதிக் கொடுத்த பழக்கம் உள்ள ஊர்களில், ஒரு பிள்ளையின் வரிசை எண்ணை எழுதிக் கொடுப்பது பெரிய காரியமாக இருக்க முடியாது.

இரண்டாவதாக, அழைக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாணவியின் கதையின் மீதி இதில் இருக்கிறது. காத்திருந்து பார்த்துவிட்டு, நான் வற்புறுத்தியதன்பேரில், அவள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாள். தாயின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து முதல் பருவக் கட்டணம் 14,500 ரூபாய் கட்டினார்கள். வகுப்புக்குப் போகத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் மாலை நாலரை மணிக்குத் தொலைபேசி வந்தது. "நாளைக் காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்" என்றார்கள். அசல்கள் எல்லாம் சேர்ந்த கல்லூரியின் பீரோவில் இருந்தன. அந்தக் கல்லூரியின் எழுத்தர் ஒருவர், நல்ல மனிதர், மறுநாள் காலை எட்டரை மணிக்கே வந்து பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் தந்தை வேலைக்குப் போகாமல் இரு சக்கர வாகனத்தில் அவளை ஏற்றிக்கொண்டு போய், பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நுழைவாயிலை அடைந்தார். இடம் கிடைத்தது. அந்த எழுத்தர் வழக்கம்போல் பத்து மணிக்கு வந்திருந்தால் ஆறு வாரக் காத்திருப்பும் வீணாகியிருக்கும்.

வேறொரு பையனுக்கு அப்படி வீணாகத்தான் போயிற்று. அவனுடைய விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் நிரப்பினார்கள். கைப்பேசி எண் கேட்ட இடத்தில் அவன் தந்தையின் எண்ணைக் கொடுத்தான். தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு வேலை பார்ப்பவர். பகலில் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர். மின்னஞ்சல் முகவரியோ, அந்தச் சென்டர்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் பொதுவாகப் போடும் முகவரி. கல்லூரியிலிருந்து இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் செய்தது விதிப்படி சரியே. ஆனால் கிராமத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் பாதி இப்படித்தான் நிரப்பப்படுகின்றன என்பது நம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது, இரண்டு முறை மணி அடித்ததோடு கடமை முடிந்தது என்று எப்படி இருக்க முடியும்? அழைப்பதற்கும் வந்து சேர்வதற்கும் இடையில் மூன்று வேலை நாளாவது கொடுங்கள். தொலைபேசியில் சொல்வதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். இரண்டாவதாக ஓர் எண்ணை விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். அது பள்ளித் தலைமையாசிரியருடையதாகவோ வகுப்பாசிரியருடையதாகவோ இருந்தாலும் சரியே. எங்கள் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஆள் அனுப்பியாவது சொல்லிவிடுவோம்.

அசல் சான்றிதழ்களைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே, சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்றும், அதன் பிறகு படிப்படியாக எவ்வளவு என்றும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு 1000 ரூபாய்க்கு மிகாத பிடித்தத்தோடும் தரும்படி அந்தக் குழு கேட்டுக்கொண்டது. ஆனாலும் ஆத்தங்குடிப் பட்டறைத் தொழிலாளி அலுவலக மேசைக்கு முன்னால் நின்று மானியக் குழுவின் அறிவிக்கையை எடுத்துக்காட்ட மாட்டார். அவர் கைகட்டி நிற்பார். "பிறகு வாருங்கள்" என்றால் பிறகு வருவார். 14,500 ரூபாயைத் திரும்ப வாங்க அவர் நான்கு முறை நடந்தார். நான்கு நாள் கூலி போயிற்று. சங்கிலியை மீட்டபோது தீபாவளி தாண்டிவிட்டது. கையில் இருக்கும் இடத்தில் சேர்ந்துகொண்டு காத்திரு என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை பலிக்க வேண்டுமானால், சேர்ந்தவர்கள் விலகும் வழி இவ்வளவு கடினமாக இருக்கலாகாது.

அந்த அறிவுரையை நான் எப்படிச் சொல்கிறேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மடலைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் அது உதவக்கூடும். கிடைத்த கல்லூரியில் சேர். சேர்ந்த பிறகு அங்கே விருந்தாளியைப்போல் இருக்காதே, நோட்டு வாங்கு, முதல் நாளிலிருந்து பாடக் குறிப்பு எடு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயரைக் கேள் என்கிறேன். அந்த மாணவியின் கைப்பேசியை நான் வாங்கி வைத்துக்கொண்டு, காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மட்டும் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் கோபித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மதியம் திண்ணையிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினாள். வாரம் ஒருமுறை கல்லூரிக்கு நேரில் போய், தேதியிட்டு எழுதிய ஒரு விண்ணப்பக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொல்வேன். பதில் கிடைக்காவிட்டாலும், தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு அதில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பதற்குப் பொருள், தகுதி இருந்தும் இடம் தீர்ந்துவிட்டது என்பதே. அதைத் தோல்வி என்று எண்ணாதே என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பத்து முறை சொல்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் போதாத பிள்ளைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடாமல், பேசாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பிள்ளையை அறிவுரையால் மீட்க முடியாது. அரசின் 104 எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உங்கள் சேர்க்கைப் பட்டியலின் அடியில் இந்த இரண்டு எண்களையும் அச்சிட்டு ஒட்டினால் அந்தப் பலகையின் முன்னால் நிற்கும் யாரோ ஒரு தாய் குறித்துக்கொள்வார். உறவினர்களிடமும் ஒரு சொல். திருவிழாவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் "எங்கே சேர்ந்திருக்கிறாய்?" என்று கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை இல்லாத பிள்ளை அன்றைக்குப் பந்தியில் உட்காருவதில்லை. பசியோடு வீடு திரும்புகிறது. ஆடி, ஆவணி இரண்டு மாதத்துக்கு அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது வேண்டுகோளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். காத்திருப்போர் பட்டியலுக்கு ஒரு முடிவு நாளைக் குறியுங்கள். அது ஆகஸ்டு மாத இறுதியானாலும் செப்டம்பர் நடுவில் ஆனாலும், உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கும் கடைசி நாளை ஒட்டி எதுவானாலும் சரியே. அந்த நாளில், பட்டியலில் மீதியிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் "இந்த ஆண்டு இடம் அளிக்க இயலவில்லை" என்று ஒரு செய்தி போகட்டும். இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்ப இன்றைக்குக் கால் மணி நேரம் ஆகாது. இல்லை என்ற சொல் வலிக்கும் என்று தயங்குகிறீர்கள் போலும். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலிக்கு மறுநாள் காலை உண்டு. எந்தச் சொல்லும் வராத பிள்ளைக்கு மறுநாள் காலையும் முந்தைய நாளாகவே விடிகிறது. பதினைந்து வயதில் தந்தையை இழந்த பிள்ளையும் மதிப்பெண் குறைந்த பிள்ளையும் எழுந்து நடந்ததை என் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்; எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே மங்கிப்போன பிள்ளைகளைத்தான் எழுப்ப முடியாமல் தவித்திருக்கிறேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. அலுவலகங்களில் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்பையும் எடுத்துச் சேர்க்கைப் பணியையும் பார்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் உங்களில் பலருக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். ஆயினும் இது கல்விக்காகக் கைப்பொருளை அள்ளிக் கொடுத்த மண். கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் கொடுத்த கொடையால் 1929-ல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இந்த வறண்ட சீமைக்கு வரவழைத்தார். அவர்கள் காலத்தில் இங்கே கல்லூரியே இல்லை. இருந்ததைக் கொடுத்து உண்டாக்கினார்கள். உங்களிடம் நான் கேட்பது நிலமும் இல்லை, பணமும் இல்லை. ஓர் எண்ணையும், ஒரு தேதியையும், முடிவில் ஒரு சொல்லையும்தான் கேட்கிறேன்.

அதற்கும் ஆள் போதாது என்றால், இதைச் சொல்லி முடிக்கிறேன். என்னைப்போல் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஐந்தாறு பேர் காரைக்குடி, கோட்டையூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கம் இருக்கிறோம். பேசி வைத்திருக்கிறேன். அடுத்த சேர்க்கையின்போது உங்கள் அலுவலகத்தில் ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் ஒதுக்கிக் கொடுத்தால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே பேசுகிறோம். இடம் உண்டு என்பதையும் சொல்கிறோம். இல்லை என்பதையும் நாங்களே சொல்கிறோம், இத்தனை ஆண்டு பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியும். ஊதியம் வேண்டாம். பேருந்து பத்து மணிக்குக் கல்லூரி வாசலுக்கு வந்துவிடும். மே மாதம் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கும் முன்பு சொல்லியனுப்பினால் போதும், வந்துவிடுகிறோம்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற வணிகவியல் முதுகலை ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி.